நிரம்பாத குழி

மத்தியானம் மூன்று மணி வெயிலில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஸ்பனர் பை, கையில் உடுப்புப் பை. மருதனார்மடச் சந்திக்கு இன்னும் நாலு மைல் இருந்தது. அங்கே பஸ் ஏறினால் யாழ்ப்பாணம், அங்கிருந்து வவுனியா. வவுனியாவுக்கு அப்பால் எங்கே என்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் புறப்படுவது எனக்குப் பழக்கம். பதினாலு வயதிலிருந்து அன்றுவரை பதினொரு கராஜ்களில் வேலை செய்திருந்தேன். பத்து இடங்களை நானாகவே விட்டுப் போனேன். அன்று விட்டு வந்ததுதான், போகச் சொல்லி அனுப்பிய முதல் இடம்.

பின்னால் ஒரு வான் வந்து மெதுவாகி ஓரமாக நின்றது. நின்ற கையோடு எஞ்சின் அணைந்தது. திரும்பிப் பார்க்காமலே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அந்த வீதியில் நிறுத்தியவுடன் எஞ்சினை அணைக்கிற, வாடகைக்கு வான் ஓட்டுகிற ஹயர்காரர் ஒருவர்தான் இருந்தார். அவரைப் பழக்கியது நான்.

"ஏறுங்கோ அண்ணை," என்றார் செல்வம்.

"நான் பஸ்ஸிலை போறன்."

"பஸ் கறுப்புப் புகை விடும். உங்களுக்கு ஒத்துவராது. ஏறுங்கோ."

ஏறினேன். வானை வீதிக்கு எடுத்தார். பிறகு, "ஊரெல்லாம் உங்கடை கதைதான். ஒருதர் சொல்லுறது மற்றவர் சொல்லுறது மாதிரி இல்லை. உங்கடை வாயாலை சொல்லுங்கோ," என்றார்.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாகனத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு இது உதவும். முன்பின் விளங்குவதற்காக அவருக்குத் தெரிந்த சில விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.

1. சொட்டுப் பெற்றோல்

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த சனங்களை இருத்தினார்கள். அவர்கள் எழும்பிப் போனபோது எனக்கு மீசை அரும்பியிருந்தது. திரும்பப் போய் வாங்கில் இருக்க மனம் வரவில்லை. ஒரு கராஜில் சேர்ந்தேன்.

சண்டைக் காலம். பெற்றோல் கிடைக்காது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்ராட் ஆகாது. கார்பரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். ஊசி மருந்து ஏற்றுகிற சிறிஞ்சில் அந்தச் சொட்டுகளை எண்ணி விடுவதுதான் என் முதல் வேலை. ஒரு சொட்டுக் கூடினால் முதலாளி என் கையைப் பார்ப்பார்.

அந்த எஞ்சின்கள் சரியாக எரிக்காது. எரியாத மண்ணெண்ணெய் பாதி புகையாக வெளியே வரும். பாதி உள்ளே வழிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். சத்தத்தைக் கேட்டே எந்த பிளக் கரி பிடித்திருக்கிறது என்று சொல்லப் பழகினேன். எரிதல் சரியில்லாத எஞ்சின் ஊரையும் கெடுக்கும், தன்னையும் கெடுக்கும் என்பது புத்தகம் இல்லாமல் விளங்கிய பாடம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த நாளில் எஞ்சினிலிருந்து கழித்த பழைய ஒயிலில் ஒரு சிரட்டைகூட வெளியே ஊற்றப்படவில்லை. துணியில் வடித்து மறுபடி பாவித்தோம். பாவிக்கவே முடியாததைக் கறையான் அரிக்காமலிருக்கக் கூரை வளைமரத்தில் பூசினோம். நல்ல மனத்தால் அல்ல, வேறு இல்லாததால்.

பிறகு வவுனியாவில் லொறி வேலை, திருகோணமலையில் கொஞ்சக் காலம், வளைகுடா நாடொன்றில் ஐந்து வருசம். அங்கே பட்டணத்துக்கு வெளியே, மணல் வெளியில் ஒரு கராஜ். கழித்த ஒயிலை மணலில் கிடங்கு வெட்டி ஊற்றினோம். கண்ணுக்கெட்டிய தூரம் வீடு இல்லை, கிணறு இல்லை. அந்தப் பழக்கத்தையும் பெட்டியோடு சேர்த்து ஊருக்குக் கொண்டுவந்தேன்.

2. செல்வத்தின் வலது கால்

ஊருக்கு வந்ததும் தேவனின் கராஜில் சேர்ந்தேன். தேவன் என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். தொழில் தெரிந்தவர், வாயும் நல்லது.

அங்கேதான் செல்வம் வந்தார். சாவகச்சேரியில் ஹயருக்கு வான் ஓட்டுகிறவர்.

"அண்ணை, வான் தண்ணி குடிக்கிற மாதிரி டீசல் குடிக்குது. எஞ்சினை இறக்குங்கோ."

"எஞ்சின் இருக்கட்டும். முதல்லை என்னை ஏத்திக்கொண்டு ஓடும், பாப்பம்."

கரவெட்டி வரை போய்வந்தோம். போகும் வழியில் ஒரு வீட்டுக்கு முன்னால் ஆட்களை ஏற்ற நின்றார். அவர்கள் சேலை உடுத்தி முடியும்வரை எஞ்சினும் ஏசியும் ஓடிக்கொண்டே இருந்தன. புறப்பட்டால் ஒரே உதை. அடுத்த வளைவில் ஒரே பிறேக். பின் ரயர் இரண்டும் காற்றில்லாமல் சப்பளிந்திருந்தன. பின் சீற்றுக்கு அடியில் வானைத் தூக்குகிற ஜக் இரண்டு, ஒரு உடைந்த கதிரை, அரை மூட்டை சீமெந்து கல்லாகிக் கிடந்தது.

"உது என்னத்துக்கு?"

"கிடக்கட்டும் அண்ணை, எப்பவாவது தேவைப்படும்."

"எப்பவாவது தேவைப்பட்டதோ?"

"இல்லை."

திரும்பி வந்ததும் கேட்டார். "சொல்லுங்கோ, வானிலை என்ன பிழை?"

"எயார் பில்ரர் பிழை. தோட்டத்து மண் முழுக்க அதுக்குள்ளைதான் கிடக்குது. மிச்சமெல்லாம் உம்மடை வலது காலிலை."

"காலைக் கழட்டி வைக்கவோ?"

"செருப்பைக் கழட்டும், போதும்."

பகிடிக்குச் சொல்லவில்லை. தடித்த செருப்போடு மிதிக்கிறவருக்குத் தான் எவ்வளவு மிதிக்கிறார் என்பது தெரியாது. ஒரு கிழமை முழுக்க வெறுங்காலோடு ஓட்டச் சொன்னேன். கால் பழகிய பிறகு செருப்பைப் போடலாம். மற்றவை எல்லாம் சின்ன விஷயங்கள். ரயர் காற்றைக் காலையில், வாகனம் ஓடுமுன் பார்க்கவேண்டும்; சூடான ரயர் பொய் சொல்லும். எங்கள் செம்மண் ஒழுங்கைகளில் ஓடுகிற வாகனத்துக்கு எயார் பில்ரரைப் புத்தகத்தில் போட்ட நாளுக்கு முன்பே கழற்றித் தட்டவேண்டும். முன்னால் மாடு நிற்பது தெரிந்தால் மாட்டுக்குக் கிட்டப் போய் பிறேக் அடிக்காமல் தூரத்திலேயே காலை எடுக்கவேண்டும். ஆள் வரும்வரை நிற்பதென்றால் எஞ்சினை அணைத்துவிட்டு மர நிழலில் நிற்கவேண்டும். தேவையில்லாத பாரத்தை இறக்கவேண்டும்.

மூன்று நாளுக்குப் போதாத டீசல் நாலு நாளுக்கு வரத் தொடங்கியதும் செல்வம் அதைச் சாவகச்சேரி முழுக்கச் சொல்லிவிட்டார். புகைப் பரிசோதனையில் தவறிய வாகனங்களெல்லாம் எங்களிடம் வந்தன. கறுப்புப் புகையோடு வந்தது புகையில்லாமல் போனது. தேவன் வாசலில் ஒரு பலகை எழுதிப் போட்டார்: 'சுற்றாடலுக்கு உகந்த வாகன சேர்விஸ்'. அந்தப் பலகையைத் தினமும் காலையில் துடைத்தது நான்தான். எனக்கு அதில் பெருமை இருந்தது. வேலையைப் பொறுத்தவரை அது பொய்யான பெருமையும் இல்லை.

3. குழி

வாகனம் கூடினால் கழிக்கிற ஒயிலும் கூடும். காருக்கு நாலு லீற்றர், வானுக்கு அதற்கு மேல். பழைய ஒயில் ஏற்ற வருகிற லொறிக்காரர் வருவதை நிறுத்திவிட்டார். பழைய ஒயில் நிரம்பிய பரல்கள், பெரிய இரும்புப் பீப்பாய்கள், வரிசையாக நின்றன.

"அண்ணை, நடக்க இடமில்லை. என்ன செய்வம்?" என்று தேவன் கேட்டார்.

"அது என்ரை வேலை. விடுங்கோ," என்றேன்.

பின் வேலியோரம் குழி வெட்டினேன். ஒன்றரை அடிக்குச் செம்மண். அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். நாலடியில் அலவாங்குக் கடப்பாரையை ஓங்கிப் போட்டபோது அது கல்லைத் துளைத்துக்கொண்டு என் கையிலிருந்து நழுவி, தலைப்பக்கம் மட்டும் தெரிய உள்ளே போய் நின்றது. இழுத்து எடுத்தேன். ஓட்டையிலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது.

முதல் பரலை அன்றே ஊற்றினேன். பின்னேரம் வந்து பார்த்தால் குழி வெறுமை. சிரித்தேன். தேவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது நிரம்பாது தம்பி. எவ்வளவு ஊத்தினாலும் குடிக்கும்."

"உங்களுக்கு எங்கை போனாலும் அதிர்ஷ்டம்தான் அண்ணை," என்றார்.

ஏழு மாதம் அதற்குள் ஊற்றினேன். எஞ்சின் ஒயில், கியர் ஒயில், பாகங்கள் கழுவிய மண்ணெண்ணெய் எல்லாம். எங்கள் பக்கத்தில் ஆறு கிடையாது. குடிக்கிற தண்ணீரும் இறைக்கிற தண்ணீரும் அந்தக் கல்லுக்குள்தான் நிற்கின்றன, கல் முழுக்க ஓட்டை என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வேற்றூரில் பிறந்த மெக்கானிக் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று சொல்லலாம். நான் இரண்டு கிணற்றடிகளுக்கு நடுவில் வளர்ந்தவன். குழி நிரம்பவில்லை என்று சந்தோசப்பட்டேனே தவிர, எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது எந்தக் கராஜில் வேலைக்குக் கூப்பிட்டாலும் நான் முன்பக்கம் பார்ப்பதில்லை. நேரே பின்பக்கம் போகிறேன். பரல் சீமெந்துத் தளத்தில் நிற்கிறதா, மூடி இருக்கிறதா, பழைய பற்றறிகள் மழையில் கிடக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குச் சம்மதிக்கிறேன்.

4. வாளித் தண்ணீர்

கராஜுக்குப் பின்னால் தொண்ணூறு அடி தூரத்தில் ஒரு பங்குக் கிணறு. ஐந்து பங்கு. பங்குக்காரர் குடிக்கவும் அதில்தான் அள்ளுவார்கள்; முறை வைத்துத் தங்கள் தோட்டங்களுக்கும் இறைப்பார்கள். தேவனின் காணிக்கும் உறுதிப் பத்திரத்தில் ஒரு பங்கு இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் வாகனம் கழுவினோம்.

வசந்தி இன்னொரு பங்குக்காரி. கணவன் இல்லை. இரண்டு பரப்புக் காணியில் தானே வெங்காயம் செய்கிறவர். ஒரு திங்கட்கிழமை, தண்ணீர் இறைக்கிற மிசினைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியில் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தது.

"அண்ணை, இந்த மிசின் எங்கையாவது ஒழுகுதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

"ஏன் தங்கச்சி?"

"கிணத்திலை எண்ணெய் மிதக்குது. மணமும். முதல்லை வெங்காயச் சருகு விழுந்து அழுகினதெண்டு சொல்லிச்சினம். இப்ப என்ரை மிசின்தான் பழசு, அதுதான் ஒழுகுதெண்டு சொல்லுகினம். மிசின் சரியெண்டு மெக்கானிக் சொல்லுமட்டும் கிணத்தடியிலை வைக்கக்கூடாதாம். என்ரை இறைப்பு முறை ரெண்டு போயிட்டுது. இப்ப வெங்காயம் கிழங்கு வைக்கிற நேரம் அண்ணை. இன்னும் ஒரு முறை போனால் நான் தோட்டத்தைப் பாக்கத் தேவையில்லை."

வாளிக்குக் குனிந்து மணந்து பார்த்தேன்.

கியர் ஒயிலின் மணம் ஒருமுறை மூக்கில் ஏறினால் சாகும்வரை மறக்காது. அழுகிய வெங்காயம் போலத்தான் இருக்கும். போன கிழமைதான் செல்வத்தின் வானில் பின் சில்லுகளை ஓட்டுகிற டிபரன்சலின் கியர் ஒயிலை மாற்றி, பழையதைக் குழியில் ஊற்றியிருந்தேன். தண்ணீர் மிசினுக்கு கியர் இல்லை. கியர் ஒயிலும் இல்லை.

குனிந்து நிமிர்ந்த நேரத்துக்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"விட்டிட்டுப் போங்கோ. பாத்துச் சொல்லுறன்," என்றேன்.

அன்றே மிசினைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. பழசுதான், ஆனால் கவனமாக வைத்திருந்தார். தேவனிடம் சொன்னேன். அவர் பின்பக்கம் போய்க் குழியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணை, குழியை மூடிவிடுவம். மிசினிலை ஒரு வோஷர் தேஞ்சிருந்தது, மாத்தியாச்செண்டு சொல்லுவம். அவவுக்கு முறை திரும்பக் கிடைக்கும். கிணறு தானாத் தெளியும். ஒருதருக்கும் நட்டமில்லை."

கெட்ட மனிதர் சொன்ன யோசனை அல்ல அது. யோசித்துப் பார்த்தால் எல்லோருக்கும் வசதி. இரண்டு நாள் நானும் அதையே சரி என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். பிரச்சினை ஒன்றுதான். மாரி மழை தொடங்கினால் கல்லில் ஊறியிருக்கிற மிச்ச ஒயிலும் கிணற்றுக்கு இறங்கும். அப்போது மறுபடியும் வசந்தியின் மிசினைத்தான் பார்ப்பார்கள். வோஷர் போட்ட மெக்கானிக் வவுனியாவிலோ மன்னாரிலோ இருப்பான்.

5. கிணற்றடியில்

வியாழன் மத்தியானம் பங்குக்காரர் கிணற்றடியில் கூடினார்கள். அவர்களில் மூத்தவர் நடராசர், எழுபது தாண்டியவர். நான் மிசினைத் தள்ளிக்கொண்டு போனேன். தேவனும் வந்தார்.

"என்ன தம்பி, மிசின் ஒழுகுதோ?" என்று நடராசர் கேட்டார்.

வோஷர் என்ற சொல் என் வாயில்தான் இருந்தது. அதற்குள் வசந்தி முந்திக்கொண்டார்.

"அண்ணை, என்ரை மிசினாலைதான் எண்டால் மறைக்காமல் சொல்லுங்கோ. நான் அதை இனிக் கிணத்தடிக்குக் கொண்டு வரேல்லை. எல்லாரும் குடிக்கிற தண்ணி."

தான் செய்யாத பிழையை ஏற்கத் தயாராக அவர் நின்றார். அதற்குப் பிறகு என்னால் வோஷர் கதை சொல்ல முடியவில்லை.

"மிசினிலை ஒரு பிழையும் இல்லை. கராஜுக்குப் பின்னாலை ஒரு குழி இருக்கு. ஏழு மாசமா ஒயில் ஊத்தினனான். கிணத்திலை மணக்கிறது வாகனத்து கியர் ஒயில்."

தேவன் தலையைக் குனிந்துகொண்டார். நடராசர் கராஜ் பக்கம் கையைக் காட்டினார்.

"வாசல்லை ஒரு பலகை தொங்குதே, சுற்றாடலுக்கு உகந்ததெண்டு. அது ஆர் எழுதினது?"

"தேவன்."

"ஆர் துடைக்கிறது?"

"நான்."

"நல்லா மினுங்குது," என்றார்.

அதைத் தாங்கலாம். தாங்க முடியாதது வசந்தி கேட்டதுதான்.

"திங்கக்கிழமை வாளியை மணந்து பாத்தனீங்கள். அப்பவே தெரியுமோ?"

"ஓம்."

"இண்டைக்கு வியாழன்."

மிசினை என் கையிலிருந்து வாங்கிக் கிணற்றுக் கட்டோரம் தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது தேவன் மெல்லச் சொன்னார். "நாளைக்கு வரவேண்டாம் அண்ணை. நீங்கள் இங்கை நிண்டால் ஒருதரும் வாகனம் விடமாட்டினம்."

"சரி தம்பி," என்றேன். பைகளை எடுத்தேன்.

6. மறுநாள்

இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது சந்தி வந்துவிட்டது. செல்வம் கோயில் பக்கம் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். யாழ்ப்பாணம் போகிற பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. அவர் கதவைத் திறந்துவிடவில்லை.

"குழியை மூடியாச்சோ?"

"இல்லை."

"மழைக்கு முதல் தோண்டி எடுக்கத்தானே வேணும்?"

"எடுக்கத்தான் வேணும். எண்ணெய் ஊறின மண், கல் எல்லாம். பிறகு ஓட்டையைச் சீமெந்தாலை அடைக்கவேணும்."

"அந்த ஓட்டை எங்கை எண்டு ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத்தான். அது சேத்துக்குள்ளை மூடிக் கிடக்கு."

"அப்ப பஸ்ஸிலை ஏறுங்கோ," என்றார். "நல்ல ஆள். எனக்குப் புகை விடாமல் ஓடப் பழக்கினவர், தான் ஓடேக்கை இவ்வளவு புகையை விட்டிட்டு ஓடுறார்."

நான் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது. அன்று செல்வத்தின் வீட்டில் தங்கினேன்.

காலை ஆறரைக்கு அவரே கொண்டுவந்து இறக்கினார். கராஜ் வாசலில் பலகை இல்லை. ஆணி மட்டும் இருந்தது. தேவன் பின்கேற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் ஒதுங்கி வழி விட்டார். குழியடியில் நடராசரும் வசந்தியும் கூலிக்கு வந்த இரண்டு பேரும் நின்றார்கள். அந்த இரண்டு பேரும் குழியைத் தவறான மூலையில் தோண்டத் தொடங்கியிருந்தார்கள்.

"மெக்கானிக்குக்கு இங்கை வேலை இல்லையே," என்றார் நடராசர்.

"மெக்கானிக் வேலைக்கு வரேல்லை ஐயா. குழி வேலைக்கு வந்தனான்."

அவர் வசந்தியைப் பார்த்தார். வசந்தி என்னைப் பார்க்கவில்லை. வேலியில் சாத்தியிருந்த அலவாங்கை எடுத்து நீட்டினார்.

"முதல்லை ஓட்டையைக் காட்டுங்கோ. பிறகு தோண்டுங்கோ."

காட்டினேன். சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கறுத்த மண்ணை வாளி வாளியாக மேலே கொடுத்தோம். மேலே நின்றவர்கள் மூடியுள்ள பரல்களில் அள்ளிப் போட்டார்கள். ஓட்டையைச் சுற்றியிருந்த கல்லை உளியால் கொத்தி எடுத்தேன். வெயில் ஏறும் நேரத்தில் அடிக்கல் தெரிந்தது. எவ்வளவு சீமெந்து வேண்டுமென்று பார்க்க குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டேன். தோள்வரை போனது. அடி தட்டுப்படவில்லை.

அப்போது கிணற்றடியில் வசந்தி மிசினைக் கிளப்பினார். கெட்ட தண்ணீரை வெளியே இறைத்துத் தள்ளுவதற்கு. அந்தச் சத்தம் முதலில் வேலிக்கு மேலால் வந்தது. பிறகு, என் கன்னம் பட்டுக்கொண்டிருந்த கல்லுக்குள்ளாலும் வந்தது. பிளக் சுத்தமான, ஒரு அடி தவறாத ஓட்டம். தலையை நிமிர்த்தாமல் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

"என்ன, ஓட்டை பெரிசோ?" என்று மேலிருந்து நடராசர் கேட்டார்.

"பெரிசுதான் ஐயா," என்றேன். "அடுத்த வாளியை இறக்குங்கோ."